பெங்களூருக்குப் போனவர்களும் கிருஷ்ணகிரிக்கு வந்தவர்களும்

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் அண்மைக் காலமாக ஒரே பேச்சுத்தான். "எந்த வேலைக்குப் போனாலும் வடநாட்டுப் பசங்கதான் நிக்கிறாங்க, நம்ம பிள்ளைங்க எங்க போறது?" என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் பலரது வீட்டில் அண்ணனோ மச்சானோ மகளோ பெங்களூரில் வேலை செய்கிறார்கள். நாம் வெளியூர் போய்ப் பிழைப்பதையும், வெளியூர்க்காரர் இங்கே வந்து பிழைப்பதையும் அன்றாடம் ஒருங்கே பார்க்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களாகிய நாமே இரண்டையும் சேர்த்துப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது வானம் பார்த்த பூமி. ராகியும் சாமையும் நிலக்கடலையும் ஒரு மழை தவறினால் கைவிட்டுவிடும். அதனால் அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, கணவன் பெரியாளாகவும் மனைவி சித்தாளாகவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதும், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்வதும் பல தலைமுறைகளாக நடந்துவருகின்றன.

1991 ஜூலையில் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டன. பின்னாளில் அதன் பெரும்பலனைப் பெற்ற நகரங்களில் பெங்களூரும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானபோது, அதே பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கில் ஓசூர் வழியாகத் தப்பி வந்தார்கள். அங்கே கொத்தனாராக இருந்த என் பெரியப்பா, பெரியம்மாவையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகக் காய்கறி லாரியின் மேலேறி வந்து சேர்ந்தார். அந்தக் கலவரத்தைப் பற்றிக் கேட்டால், கல்லெறிந்தவர்களைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். வாங்காமல் விட்டு வந்த கூலிப் பாக்கியையும், கலவரம் அடங்கியபின் போய்க் கேட்டபோது "நீ எப்ப வேலை செஞ்ச?" என்று கையை விரித்த காண்டிராக்டரையும் பற்றித்தான் பேசுவார். அதன் பிறகும் அதே நகரத்துக்கே வேலைக்குப் போனார். இங்கே வேறு வழியில்லை. 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிக்கப்பட்டு, அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் எல்லையை நடந்தே கடந்தபோது, அவர் தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது எதிர்த்திசையில் ஆட்கள் வருகிறார்கள். கிருஷ்ணகிரியின் கிரானைட் பட்டறைகள், மாங்கூழ் ஆலைகள், ஓசூரின் ரோஜாப் பசுமைக்குடில்கள், சிப்காட் தொழிற்சாலைகள் என எங்கு பார்த்தாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். உள்ளூர் ஆட்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று முதலாளிகள் சொல்லும் காரணத்தை நான் ஏற்பதில்லை. கல்லும் மாங்கூழும் பூவும் கடல் கடந்து போகின்றன. குறித்த தேதியில் சரக்கு கப்பலிலோ விமானத்திலோ ஏற வேண்டும். பிப்ரவரி 14-க்கான ரோஜா 15-ஆம் தேதி போய்ப் பயனில்லை. பெங்களூரா ரக மாம்பழமும் பழுத்த சில நாட்களுக்குள் ஆலைக்குள் போயாக வேண்டும். ஆகவே சாவுக்கும் காதுகுத்துக்கும் விடுப்புக் கேட்காத, பட்டறைக்குள்ளேயே படுத்து எழுந்து, கூப்பிட்ட நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்கக்கூடிய ஆள் தேவைப்படுகிறார். சொந்த ஊரில் இருப்பவரால் அப்படி இருக்க முடியாது. ஊரைவிட்டு வந்தவரால்தான் முடியும். பெங்களூர் முதலாளிகளுக்கு எங்கள் ஆட்கள் பிடித்துப்போனதும் இதே காரணத்தால்தான்.

ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறையின் பின்புறம், தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர்களுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தேன். சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டிகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய், குளித்த பிறகும் காதோர முடியில் வெள்ளையாக ஒட்டியிருந்த கல்மாவு. ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்து இளைஞர் ஒருவர் "உக்காருங்கண்ணா" என்று தமிழில் சொல்லிப் பாயை விரித்தார். கூலி பட்டறையிலிருந்து நேராக அவர் கைக்கு வருவதில்லை. ஆளைக் கூட்டிவந்தவரிடம் போய், சாப்பாட்டுக்கும் ரயில் கட்டணத்துக்கும் பிடித்தம் போக மீதிதான் அவருக்குக் கிடைக்கிறது. அதே இயந்திரத்தில் நிற்கும் எங்கள் ஊர்க்காரர் வாங்குவதைவிட அது கணிசமாகக் குறைவு. என் பெரியப்பாவின் கூலியை விழுங்கிய அதே ஏற்பாடு, மொழி மட்டும் மாறி, எங்கள் ஊரிலேயே நடக்கிறது.

டீக்கடையில் எழும் கோபத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும்போது உள்ளூர்க்காரரின் பேரம் பேசும் பலம் குறையத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கோபம் சேர வேண்டிய இடம் வேறு. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒரே வகையான வேலைக்கு வெளிமாநிலத்தவருக்கு உள்ளூர்க்காரரைவிடக் குறைந்த கூலி தரக்கூடாது என்று தெளிவாகச் சொன்னது. மாதக் கூலியில் பாதியளவு இடப்பெயர்வுப் படி, ஊரிலிருந்து வந்து போகும் செலவு, தகுந்த தங்குமிடம் ஆகியவற்றையும் கட்டாயமாக்கியது. ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தாலே அது பொருந்தியது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தி, இடப்பெயர்வுப் படியையும் கைவிட்டது. சமக்கூலி விதி ஒழுங்காக நடைமுறைக்கு வந்திருந்தால், மலிவு என்பதற்காக வெளியூர்க்காரரைத் தேட எந்த முதலாளிக்கும் காரணம் இருந்திராது. அதனால் முதலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே பயனடைந்திருப்பார்கள்.

மொழி பற்றிய அச்சமும் இதில் கலந்திருக்கிறது. இந்தித் திணிப்பை முழுமனதோடு எதிர்ப்பவன் நான். அது தில்லி எடுக்கும் முடிவுகளின் மீதான எதிர்ப்பு. ஒடியாவும் சந்தாலியும் போஜ்புரியும் வீட்டில் பேசும் ஏழைத் தொழிலாளியின் தலையில் அதைச் சுமத்துவது அநியாயம். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகார் அரசின் குழுவும் வந்து விசாரித்தது. அதற்குள் பலர் பயந்துபோய் ரயிலேறிவிட்டார்கள். உற்பத்தி நின்றுவிடுமோ என்ற கவலை எங்கும் பேசப்பட்ட அளவுக்கு, அந்தத் தொழிலாளிகள் பட்ட பயம் பேசப்படவில்லை. லாரியின் மேலேறி வந்தவர்கள் இருக்கும் மாவட்டத்தில் அது பேசப்பட்டிருக்க வேண்டும்.

கலந்து வாழ்வது எங்களுக்குப் புதிதும் அன்று. ஓசூர்ச் சந்தையில் ஒரு கூடைத் தக்காளியைத் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் முடிப்பவர்கள் உண்டு; உருதுவும் சேரும். 2024 ஜூனில் கிருஷ்ணகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினர் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றதை இங்குள்ள பெரும்பாலோர் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தெலுங்குக் குடும்பங்களுக்கு இங்கே நிலம் இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, மாரியம்மன் திருவிழாவில் வரி இருக்கிறது. தகரக் கொட்டகையில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே யாரும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் ஒருவரை அயலாராகவே வைத்திருப்பது, அவர் பேசும் மொழியைவிட, இந்த இல்லாமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள் என்பதால், பலாங்கீர் இளைஞருக்கு அங்கே குரல் இல்லை. எங்கள் ஊராட்சி எல்லைக்குள் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் இடங்களைக் கணக்கெடுத்து, குடிநீரும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு பட்டறை வாசலிலும் கூலி விவரத்தைத் தமிழிலும் அவர்கள் படிக்கும் மொழியிலும் எழுதி வைக்கத் தொழிலாளர் துறையைக் கேட்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறேன். அதை முன்மொழிய என் பெரியப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். வழிமொழிய இன்னும் சிலர் வேண்டும். டீக்கடையில் கோபமாகப் பேசும் நண்பர்களிடமே முதலில் கேட்கப் போகிறேன்.