என் முதல் எஃப் டியூபா: கீழ் சி சொன்ன தீர்ப்பு

இரண்டாம் செமஸ்டர் தொடங்கியதுமே ஆசிரியர் சொல்லிவிட்டார், இனிமேல் பி ஃபிளாட் டியூபா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது, சொந்தமாக ஒரு எஃப் டியூபா வேண்டும் என்று. டியூபா என்பது பித்தளை ஊதுகருவிகளில் மிகப் பெரியது, மிகத் தாழ்ந்து ஒலிப்பது. பி ஃபிளாட், எஃப் என்பவை அதன் அடிப்படைச் சுருதிகள், எஃப் இரண்டில் சிறியது. ஜெர்மனியில் டியூபா படிக்கிற யாருக்கும் இது புதிதில்லை. ஊர் பேண்டில் பி ஃபிளாட்டில் தொடங்குகிறோம், ஆனால் தனி வாசிப்பு என்று வந்துவிட்டால் பெரும்பாலும் எஃப்தான். 1954இல் அரங்கேறிய, ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸின் டியூபா கான்செர்ட்டோவும், 1955இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டெமித் டியூபாவுக்கு எழுதிய சொனாட்டாவும் என் பாடத்தில் இருந்தன. இரண்டையும் பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய கருவியில், அதுவும் வேறு இருவரோடு பங்கு போட்டுக்கொண்டு பழகுவது நடக்கிற காரியமாக இல்லை.

கையில் 5,000 யூரோ இருந்தது. 3,200 நான் இரண்டு கோடை விடுமுறைகளில் கிடங்கு வேலை செய்து சேர்த்தது, மீதி அப்பா கொடுத்தது. புதிய ஜெர்மன் எஃப் டியூபா என்றால் 10,000 யூரோவைத் தாண்டிவிடும், ஆகவே அந்தப் பக்கமே போகவில்லை.

முதலில் செய்தது தவறு. பெயர் அதிகம் கேள்விப்படாத, மலிவான புதிய டியூபா ஒன்றை இணையத்தில் பார்த்து, படத்தின் பளபளப்பில் மயங்கி ஆர்டர் செய்துவிட்டேன். வந்த அன்று அழகாகத்தான் இருந்தது. விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தைக் கூட்டுகிற வால்வுகளில் மூன்றாவது, நான்காம் நாள் பாதியில் நிற்க ஆரம்பித்தது, ஐந்தாவது வால்வோடு சேர்ந்த, உருவி எடுக்கக்கூடிய ஸ்லைடுக் குழாயை இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை, நடு ஸ்தாயியில் டி என்ற ஸ்வரத்தை எப்படி ஊதினாலும் சுருதி காட்டும் டியூனரின் முள் கீழேயே கிடந்தது. இங்கே தபாலில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதுதான் என்னைக் காப்பாற்றியது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் என் தலையில் விழுந்தது.

அப்புறம்தான் பழைய கருவிகளைத் தேடத் தொடங்கினேன். முதலில் கடையொன்றில் பார்த்தது மேலும் கீழும் நகரும் பிஸ்டன் வால்வுள்ள சிறிய யமஹா 621. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. சுருதி அவ்வளவு நேராக நிற்கிறது, கீழ் ஸ்தாயியும் சுலபமாக வருகிறது, பித்தளைக் கருவி வாசிக்கும் ஐவர் குழுவுக்கு அதைவிடத் தோதான கருவி வேண்டியதில்லை. ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் மூன்று டிராம்போன்களுக்குக் கீழே நின்று தாங்க வேண்டிய பாரம் அந்த ஒலியில் எனக்குக் கிடைக்கவில்லை. நான் போக நினைக்கிற இடம் ஆர்கெஸ்ட்ரா என்பதால் மனசே இல்லாமல்தான் வைத்துவிட்டு வந்தேன்.

சரி, பிஸ்டனுக்குப் பதில் உள்ளே சுழலும் ரோட்டரி வால்வு என்று முடிவாயிற்று. இங்கேதான் கீழ் சி வருகிறது. எஃப் டியூபாவின் குழாய் ஏறத்தாழ 12 அடி. நான்காவது வால்வை அழுத்தினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்ந்து 16 அடி ஆகிறது, பாஸ் ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகளுக்குக் கீழே இரண்டு துணைக்கோடு போட்டு எழுதும் அந்த சி அங்கே கிடைக்கிறது. கிடைக்க வேண்டும். பல ரோட்டரி எஃப் டியூபாக்களில் மேலே பாடுவது போல ஒலித்துக்கொண்டு வருகிற கருவி, அந்த ஒரு ஸ்வரத்துக்கு வந்ததும் போர்வைக்குள் வாயை வைத்து ஊதினது மாதிரி அடைத்துக்கொள்ளும். நான் அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு கருவிகளிலும் அப்படித்தான் ஆயிற்று. நான் இன்னும் பலமாக ஊதினேன், இன்னும் அடைத்தது.

இரண்டும் ஒரே கடையில் இருந்ததால் அடுத்த சனிக்கிழமை ஆசிரியரையே கூப்பிட்டுக்கொண்டு போனேன். அவர் முதல் கருவியை எடுத்தார், சி ஊதினார், எனக்கு அடைத்தது போலவே அவருக்கும் அடைத்தது. வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை மாற்றிப் பார்த்தார், அப்போதும் அப்படியே. இரண்டாவது, கிழக்கு ஜெர்மனிக் காலத்து பி அண்ட் எஸ் நிறுவனத்துக் கருவி, ஆறு வால்வு, அரக்குப் பூச்சு பாதி உரிந்து கைபடுகிற இடமெல்லாம் கறுத்துப் போனது. அதே சி. அவர் தோளைத் தளர்த்தி, வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்கி, காற்றை மெதுவாக விட்டார், பலம் கொடுக்கவே இல்லை. ஸ்வரம் திறந்துகொண்டது. தரைப்பலகை வழியாக அது என் காலுக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் புரிந்தது, பி ஃபிளாட் டியூபாவுக்குத் தள்ளுகிற அளவு காற்றை நான் இதற்குள்ளும் தள்ளிக்கொண்டிருந்தேன், அடைப்பில் ஒரு பாதி என்னுடையது. முதல் கருவியின் அடைப்பு கருவியுடையது, அதை எந்தப் பயிற்சியும் தீர்க்காது. உங்களுக்குத் தெரிந்த நல்ல வாசிப்பாளர் ஒருவர் கூட வராமல் ரோட்டரி எஃப் டியூபாவை வாங்காதீர்கள், தனியாகப் போனால் இந்த இரண்டு அடைப்பையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

மற்ற சோதனைகளை அவர் சொல்லச் சொல்ல நானே செய்தேன். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை மெல்ல உருவினால் முடிவில் 'பொப்' என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் ரோட்டர் தேய்ந்து காற்றுக் கசிகிறது என்று அர்த்தம். ஆறில் ஐந்து நன்றாகவே 'பொப்' என்றன, நான்காவது கொஞ்சம் மெலிவாக. மவுத்பீஸ் செருகும் குழாயில் டார்ச் அடித்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்த்தோம். பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று செம்பு மட்டும் மிஞ்சுகிற நோய் அது, உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும், அந்தக் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும். நல்லவேளையாக இல்லை. ஒலி வெளியே வரும் பெல்லின் ஓரத்தில் இரண்டு நசுக்கல், அவை ஒலியைத் தொடவில்லை. வால்வுக் கம்பி மூட்டுகள் கடகடவென்று ஆடின, அது பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் ஒரு பகல் வேலை. பிறகு ஆசிரியர் அறையின் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டு என்னை இரண்டையும் மாற்றி மாற்றி ஊதச் சொன்னார், ஏனென்றால் டியூபாவின் ஒலி ஊதுகிறவன் காதுக்குக் கேட்பது ஒன்று, எதிரே போய்ச் சேர்வது வேறு.

விலை 4,600 கேட்டார்கள். மூட்டுகளின் ஆட்டத்தையும் நான்காவது வால்வையும் காட்டிப் பேசி 4,300க்கு முடிந்தது, ஒரு வருட உத்தரவாதத்தோடு. தனி ஆளிடம் இதைவிடக் குறைவாகக் கிடைத்திருக்கலாம், ஆனால் அங்கே 'பார்த்தபடி வாங்கிக்கொள்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், முதல் கருவி வாங்குகிறவனுக்கு அந்த உத்தரவாதம் முக்கியம் என்றே நினைக்கிறேன். மூட்டுகளைச் சரிசெய்ய 190 ஆயிற்று. மிச்சப் பணத்தில் எஃப் டியூபாவுக்கென்று சின்னக் கிண்ணமுள்ள மவுத்பீஸ் ஒன்று வாங்கினேன். அதன் காம்பு நம் கருவியின் குழாய்க்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே செருகிப் பார்த்துவிடுங்கள், ஐரோப்பியக் காம்பும் அமெரிக்கக் காம்பும் ஒரே அளவில்லை.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தினமும் காலையில் முதல் பத்து நிமிடம் கீழ் எஃப்பிலிருந்து சி வரை நீண்ட ஸ்வரங்கள், மெதுவான காற்றில், அதன் பிறகுதான் மற்றது எல்லாம். முதல் மாதம் வாரத்தில் ஒரு நாள் அந்த சி திறந்தால் பெரிது. இப்போது பெரும்பாலான காலைகளில் திறக்கிறது. அதற்குக் கீழே பி ஃபிளாட்டுக்கு நான்கையும் ஐந்தையும் சேர்த்து அழுத்த விரல் இன்னும் தயங்குகிறது, இந்த மாத வேலை அதுதான்.