ஏப்ரலில் பாலைவனச் சுற்று: தேதியை விட்டுவிட்டு உயரத்தைப் பாருங்கள்

லாஸ் வேகஸில் கார் எடுத்து, டெத் வேலி, ஸயான், பிரைஸ் கேன்யன், பேஜ், கிராண்ட் கேன்யன் என்று சுற்றிவிட்டு மறுபடியும் லாஸ் வேகஸிலேயே வந்து நிற்பது அமெரிக்கத் தென்மேற்கில் பலரும் போடும் வட்டம். ஏறக்குறைய 1,100 மைல். ஏழெட்டு நாள் இருந்தால் நிதானமாகப் போகலாம். ஏப்ரல் மாதம், அதுவும் பாலைவனம் என்றதும் பெட்டியில் அரைக்கைச் சட்டையும் தொப்பியும் மட்டும் ஏறிவிடும். பிரைஸில் விடியற்காலை கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டும்போதுதான் ஸ்வெட்டர் ஞாபகம் வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் உயரம். டெத் வேலியில் பேட்வாட்டர் கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. லாஸ் வேகஸ் 2,000 அடி. ஸயான் பள்ளத்தாக்கின் தரை 4,000, பேஜ் 4,300, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 7,000, பிரைஸ் விளிம்பு 8,000 தொடங்கி 9,100 வரை. வறண்ட காற்றில் ஆயிரம் அடி ஏறினால் இரண்டிலிருந்து மூன்று டிகிரி செல்சியஸ் குறையும். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக்கில் ஏப்ரல் பகலின் சராசரி உச்சம் 32 டிகிரி. அதே வாரம் பிரைஸில் பகல் 13ஐத் தொட்டாலே நல்ல நாள், இரவு பூஜ்யத்துக்குக் கீழே. பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் சேர்த்துக் கொடுத்தது நம் இலக்கணம். இந்த ஊரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்.

ஆகவே திட்டம் போடும் தாளில் ஒவ்வொரு இரவின் ஊருக்குப் பக்கத்திலும் அதன் உயரத்தை முதலில் எழுதுங்கள். வானிலை பார்க்கும்போதும் ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் போதாது. 'கிராண்ட் கேன்யன்' என்று தேடினால் விளிம்பின் கணிப்பு வரலாம், அடியில் ஓடும் ஆற்றங்கரையின் கணிப்பும் வரலாம். இரண்டுக்கும் நடுவில் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். அமெரிக்க தேசிய வானிலை சேவையின் தளத்தில் வரைபடத்தில் சரியான இடத்தைச் சொடுக்கினால், அந்தப் புள்ளிக்கான கணிப்பு உயரத்தோடு சேர்ந்து வரும். அதை நம்பலாம்.

எந்த வாரம் போவது? மே பிறந்தால் டெத் வேலியின் சராசரிப் பகல் 38 டிகிரி, மார்ச்சில் போனால் பிரைஸில் பாதைகள் பனிக்கட்டி. ஏப்ரல் முதல் பாதிதான் இரண்டுக்கும் பொதுவான சமரசம். காட்டுப்பூக்களும் உயரத்தைப் பார்த்துத்தான் பூக்கின்றன. டெத் வேலியின் தாழ்நிலத்தில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, 3,000 அடிக்கு மேலே ஏப்ரல் தொடங்கி மே முதல் வாரங்கள் வரை, அதற்கும் மேலே ஜூன் வரை. தாமதமாகப் போகிறவர்கள் மலைப்பக்கம் தேட வேண்டும். 2005, 2016 போன்ற பெரும் பூப்பு குளிர்கால மழையைப் பொறுத்தது, அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பு வழக்கமாக மே 15 வாக்கில்தான் திறக்கும். அங்கிருந்த லாட்ஜ் 2025 ஜூலையில் காட்டுத்தீக்கு இரையாகிவிட்டது. ஏப்ரல் திட்டத்தில் அந்தப் பக்கமே வேண்டாம்.

டெத் வேலியை முதலில் முடித்துவிடுங்கள், தள்ளிப்போடப் போட வெயில் ஏறும். பிரைஸ் அறையை மட்டும் கட்டணமில்லாமல் ரத்து செய்யும்படி பதிவு செய்யுங்கள். ஏப்ரலில் பனிப்புயல் வந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கடந்துவிடும். ஸயானில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டு மேலே ஏறினால் வெள்ளைப் பனி தூவிய செம்பாறைத் தூண்கள் கிடைக்கும், அது நஷ்டமே இல்லை. பனி பெய்த நாளில் பிரைஸின் காட்சிச் சாலையை மூன்றாவது மைலுக்கு அப்பால் மூடிவிடுவார்கள். நவாஹோ லூப் பாதையில் வால் ஸ்ட்ரீட் எனப்படும் குறுகலான பகுதி குளிர்காலம் முழுக்க மூடியிருந்து வசந்தத்தில்தான் திறக்கும். திறந்திருக்கும் பாதைகளிலும் நிழல் விழும் வளைவுகளில் பகலில் உருகி இரவில் உறைந்த கண்ணாடிப் பனி இருக்கும். ஷூவின் மேல் மாட்டும் சிறு இரும்பு முள் பட்டை ஒரு ஜோடி கையில் இருக்கட்டும்.

இப்போது கார். டயர் எச்சரிக்கை விளக்கு பிரைஸில் எரிவது இந்தப் பயணத்தின் வழக்கமான பயமுறுத்தல். கணக்கு இப்படி: வெப்பம் 5.5 டிகிரி குறைந்தால் டயர் காற்று சுமார் 1 பி.எஸ்.ஐ. (டயர் மீட்டரில் காட்டும் அழுத்த அலகு) குறையும். லாஸ் வேகஸ் பகல் 28லிருந்து பிரைஸ் விடியற்காலை மைனஸ் 4க்குப் போனால் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. போகும். உயரம் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் இரண்டரை கூடுதலாகக் காட்டும். நிகர இழப்பு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். இது மட்டும் என்றால் விளக்கு எரியாது. ஓட்டிக்கொண்டு வந்த சூட்டோடு அளந்து '32 இருக்கிறது, போதும்' என்று விட்டுவிடுவதில்தான் கோளாறு. சூடான டயர் நான்கு வரை கூட்டிக் காட்டும், உண்மையில் அது 28. அதிலிருந்து மூன்று போனால் 25. 33 இருக்க வேண்டிய காரில் கால் பங்கு குறைந்ததும் விளக்கு எரியும், அந்த எல்லை இந்த 25தான். ஆகவே காரை எடுத்த மறுநாள் காலை, நகர்த்துவதற்கு முன், கையில் சொந்தமாக ஒரு அளவி வைத்துக்கொண்டு, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு நிரப்புங்கள். அப்படியே டிக்கியைத் திறந்து உபரிச் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வாடகைக் கார்களில் இப்போது அது கிடையாது.

ஸயானும் பிரைஸும் இருக்கும் யூட்டா மாநிலத்தில் பெட்ரோல் போடும்போது மலிவான பொத்தானில் 85 ஆக்டேன் என்று இருக்கும். கார்ப்பரேட்டர் காலத்து வழக்கம் அது. இன்றைய எஞ்சின்களின் கையேடு கேட்பது குறைந்தது 87, அதற்கு மேலுள்ள பொத்தானை அழுத்துங்கள். டெத் வேலிக்குள் பெட்ரோல் விலை கூடுதல், பரம்ப்பிலோ பியாட்டியிலோ நிரப்பிக்கொண்டு நுழையுங்கள். டெத் வேலியின் மேலே இருக்கும் டான்டேஸ் வியூ என்ற காட்சிமுனை 5,475 அடி. அங்கிருந்து கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து எஞ்சினைத் தாங்க விடுங்கள்.

வரைபடச் செயலி செய்யும் பெரிய துரோகம் பிரைஸுக்கும் பேஜுக்கும் நடுவில். கேனன்வில்லிலிருந்து தெற்கே காட்டன்வுட் கேன்யன் ரோடு என்று ஒரு நேர்க்கோட்டுக் குறுக்குவழியைக் காட்டும். 46 மைல் மண் சாலை. காய்ந்திருந்தால் கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். நனைந்தால் அந்தக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், நான்கு சக்கர இழுவை இருந்தாலும் நகராது. வாடகை ஒப்பந்தமும் மண் சாலையை அனுமதிக்காது, இழுவை வண்டிச் செலவு உங்கள் தலையில். மேற்கே யு.எஸ். 89 நெடுஞ்சாலையைப் பிடித்து கானாப் வழியாகவே வாருங்கள், 150 மைல். சிக்னல் இல்லாத நீட்டல்கள் நிறைய உண்டு, வரைபடத்தை முன்னமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரக் குழப்பம் தனிக்கதை. ஏப்ரலில் லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவும், பேஜும் கிராண்ட் கேன்யனும் இருக்கும் அரிசோனாவும் ஒரே நேரம், யூட்டா ஒரு மணி முன்னே. அரிசோனா கோடைநேர மாற்றத்தைக் கடைப்பிடிப்பதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ தேசம் (நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி) கடைப்பிடிக்கிறது. பேஜ் அரிசோனா நேரத்தில் இருக்கும் ஊர், நவாஹோ எல்லை பக்கத்திலேயே. எந்தக் கோபுரத்தின் சிக்னல் பிடிக்கிறதோ அதற்கேற்ப உங்கள் போன் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். பேஜ் பக்கத்தில் குறுகலான பாறைப் பிளவாக இருக்கும் ஆன்டலோப் கேன்யன் நவாஹோ மண். வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது, நேரம் குறித்த டிக்கெட், தவறினால் போச்சு. சுற்றுலா நடத்துபவர்கள் பொதுவாக அரிசோனா நேரப்படிதான் ஓட்டுகிறார்கள் என்றாலும் டிக்கெட்டில் எந்த நேரம் என்று படித்துவிட்டு, போனில் தானியங்கி நேரத்தை அணைத்து அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர நேரத்தில் நிறுத்திவிடுங்கள். மழை அறிவிப்பு இருந்து அவர்கள் ரத்து செய்தால் வாதாட வேண்டாம். 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் அங்கே 11 பேரைக் கொண்டுபோனது.

ஸயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரல் முதல் பெர்மிட் கட்டாயம். வசந்த காலத்துக்கான குலுக்கல் ஜனவரியிலேயே முடிந்துவிடும். தவறவிட்டவர்களுக்கு முந்தைய நாள் குலுக்கல் உண்டு, மதியம் 3 மணிவரை விண்ணப்பிக்கலாம். அது யூட்டா நேரம், லாஸ் வேகஸில் உட்கார்ந்து விண்ணப்பித்தால் உங்களுக்கு 2 மணி. நேரோஸ் என்ற ஆற்று நடையை ஏப்ரலில் கணக்கில் சேர்க்காதீர்கள். மேலே உருகும் பனி கீழே வரும் காலம் அது, வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள்.

வெயிலையும் குளிரையும் நினைத்துக் காற்றை மறந்துவிடுகிறோம். இங்கே வசந்தம்தான் காற்றுக் காலம். சாலையில் தூசிப் படலம் கண்ணை மறைத்தால் ஒதுங்கும்போது தார்ச்சாலையை விட்டு முழுவதும் வெளியே வந்து, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் அதைப் பின்தொடர்ந்து உங்கள் மேலேயே வந்து மோதுவார்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. பிரைஸின் உச்சியில் காற்றழுத்தம் பேட்வாட்டரை விட 30 சதவீதம் குறைவு. கீழே மூடிய சன்ஸ்கிரீன் குழாயை மேலே திறந்தால் முகத்தில் பீறிடும், துணியால் மூடித் திறங்கள். அரிசி குக்கர் கொண்டுபோகிறவர்களுக்கு: 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியை ஊறவைத்து, தண்ணீரைக் கூட்டி வையுங்கள்.

கட்டணத்தில் 2026 ஜனவரி முதல் பெரிய மாற்றம். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருடாந்திர பாஸ் 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250. பாஸ் எடுக்காத வெளிநாட்டினர் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் தர வேண்டும், 16 வயதுக்குக் கீழே விலக்கு. இந்த வட்டத்தில் அப்படிப்பட்ட மூன்று பூங்கா இருப்பதால் தனியாளாக வந்தாலும் 250 டாலர் பாஸ்தான் லாபம். ஆன்டலோப் கேன்யனிலும், பேஜ் பக்கத்தில் ஆறு லாடம்போல் வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் காட்சியிடத்தின் வாகன நிறுத்தத்திலும் இந்தப் பாஸ் செல்லாது, முன்னது நவாஹோ தேசத்துடையது, பின்னது பேஜ் நகரத்துடையது.

கடைசி நாள் தெற்கு விளிம்பிலிருந்து லாஸ் வேகஸ் 280 மைல், நாலரை மணி நேரம். விமானத்துக்கு நேரமாகிறது என்று இருட்டில் கிளம்பாதீர்கள். தெற்கு விளிம்பை ஒட்டிய டுசயான் ஊரின் சுற்றுவட்டாரத்தில் எல்க் மான்கள் விடியலிலும் அந்தியிலும் சாலையைக் கடக்கும், பெரிய ஆண் மான் 300 கிலோவைத் தொடும். சூரியன் ஏறட்டும், பிறகு வண்டியை எடுங்கள்.