மோட்டார் பாட்டுக்கு என்ன மூட்?

என் ஆல்பத்தில் 8 பாட்டு, காதல் பாட்டு ஒன்றுகூட இல்லை. வீட்டு அட்வான்ஸ் பற்றி ஒன்று, பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடிப்பது பற்றி ஒன்று, தண்ணீர் மோட்டார் பற்றி ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் பாட்டு. 1991-ல் வைத்த சிலையை 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். 18 வருஷம் மூட்டைக்குள் நின்றவர், ஹார்ன் சத்தத்தை மட்டும் வைத்து பெங்களூரு எப்படி வளர்கிறதென்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் எந்த இசைக் கம்பெனி வரும்? நானே வெளியிட்டுவிட்டேன்.

ரெக்கார்டிங் அல்சூர் வாடகை வீட்டில்தான். பீரோவைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்து நின்று பாடினால் எதிரொலி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்தியே ஆகவேண்டும். வியர்த்து ஊற்றும்.

மோட்டார் சத்தம் மட்டும் அசலாக வேண்டும் என்று இருந்தேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல், அப்புறம் காற்றை இழுக்கும் கொரகொரப்பு, தண்ணீர் ஏறியதும் அப்படியே ஒரே சுதியில் நிற்கும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் ரீங்காரம் அதன் இரண்டு மடங்காக, 100 ஹெர்ட்ஸில் விழுகிறது. மேற்கத்திய சுரத்தில் கிட்டத்தட்ட கீழ் ஜி. பாட்டையே ஜி-க்கு மாற்றிவிட்டேன், தம்பூரா செலவு மிச்சம். போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து ஓனரம்மா, "என்ன கண்ணு, மோட்டார் ரிப்பேரா?" என்றார். "இல்லம்மா, பாட்டுக்கு." நம்பவில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். டேங்க் நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம்தான் அந்தப் பாட்டின் முடிவு.

சத்தங்களை அளவாகக் கலக்கும் மிக்ஸிங், கடைசி மெருகான மாஸ்டரிங் இரண்டையும் எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். கையில் இருந்த காசில் பெரும்பங்கு அங்கேதான் போனது, போகவேண்டிய இடமும் அதுதான்.

அப்புறம் படிவங்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்குக்குப் பாட்டை அனுப்ப ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் வேண்டும். சிலர் வருஷச் சந்தா கேட்பார்கள், கட்டாவிட்டால் பாட்டு இறங்கிவிடும். சிலர் வருகிற காசில் பங்கு எடுப்பார்கள். பால் பாக்கெட் பாட்டுக்கு என்ன பெரிதாக வரப்போகிறது என்று நான் பங்குக்கே போனேன். பாட்டுகள் வேவ் ஃபைலாக வேண்டும், கவர் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். கவரில் இன்ஸ்டா ஐடி, க்யூஆர் கோடு எதுவும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் 12 எழுத்து, எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாளக் குறியீட்டை அவர்களே போட்டுத் தருவார்கள். பின்னாளில் டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பாட்டு அதுவரை ஓடிய கணக்கு கூடவே வரும். எழுதி வையுங்கள்.

ஸ்பாட்டிஃபையின் ப்ளேலிஸ்ட் குழுவுக்கு வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னால் ஒரே ஒரு பாட்டை அனுப்பலாம். 500 எழுத்துக்குள் விளக்கம். கூடவே வகை, மூட், வாத்தியம் எல்லாம் கேட்கும். மோட்டாருக்கு என்ன மூட்? காலை 6 மணிக்குத் தண்ணீர் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் சோகம். வாத்தியம் என்ற இடத்தில் மோட்டாரைப் போட வழியில்லை, கிடார் என்று போட்டேன்.

காப்பிரைட் பதிவு கட்டாயமில்லை. இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய் என்று 8 பாட்டுக்கும் கட்டுவதைவிட அந்தக் காசை மிக்ஸிங்கில் போடலாம் என்பது என் கட்சி. ஆனால் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராவதைத் தள்ளிப்போடாதீர்கள். பாட்டு எழுதியதற்கும் இசையமைத்ததற்குமான ராயல்டி அந்த வழியாகத்தான் வரும், டிஸ்ட்ரிப்யூட்டர் தருவது ஒலிப்பதிவுக் காசு மட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடினால்தான் காசுக் கணக்கில் சேரும். மோட்டார் தாண்டிவிட்டது. வள்ளுவர் இன்னும் காத்திருக்கிறார், அவருக்கு அது பழக்கம்தான்.