நைட்ரைடு கோட்டிங்: வைவாவுக்கு எதைப் படிக்கலாம்?

மெட்டலர்ஜியிலோ உற்பத்திப் பொறியியலிலோ எம்.இ. படித்து, சர்ஃபேஸ் இன்ஜினியரிங் பேப்பரும் எடுத்திருந்தால் நைட்ரைடு கோட்டிங்கிடமிருந்து, அதாவது டூல்கள் தேயாமலிருக்க மேலே போடும் மெல்லிய கடினப் பூச்சிடமிருந்து, தப்ப முடியாது. என் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாதி நேரம் இதிலேயே போனது. நம்மில் பலர் இந்தப் பாடத்தை ஒரு அட்டவணையாக மனப்பாடம் செய்கிறோம்: டைட்டானியம் நைட்ரைடின் கடினம் சுமார் 2300 விக்கர்ஸ் (கடினத்தின் அளவுகோல்), குரோமியம் நைட்ரைடு 1800 பக்கம், டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு 3000 பக்கம். எழுத்துத் தேர்வுக்கு இது போதும். வைவாவில் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் "அதை எப்படிப்பா அளந்த?" என்று கேட்டுவிடுவார்கள்.

அதனால் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகு) டூல் மேல் 3 மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு இருக்கிறது. 100 கிராம் சுமையில் விக்கர்ஸ் எடுக்கிறீர்கள், அதாவது வைர ஊசியை அழுத்தி, விழும் தடத்தை அளக்கிறீர்கள். 2300 என்ற எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போட்டால் தடத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 9 மைக்ரான். ஆழம் அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 1.3 மைக்ரான். கோட்டிங் தடிமனில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஊசி இறங்கிவிட்டது! அடியில் இருக்கும் எஃகோ 850 விக்கர்ஸ் பக்கம்தான். அது அமுங்கிக் கொடுக்கும். கையில் கிடைப்பது இரண்டும் கலந்த எண், உண்மையில் இருப்பதைவிடக் குறைவு. ஊசி கோட்டிங் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும் என்ற பத்து சதவீத விதிப்படி 0.3 மைக்ரானுக்கு மேல் இறங்கக் கூடாது என்றால் சுமை 5 கிராம் பக்கம் வர வேண்டும். அப்போது தடம் வெறும் 2 மைக்ரான், ஒளி நுண்ணோக்கியில் சரியாக அளக்க முடியாது. நானோஇண்டென்டேஷன் (மிகச் சிறிய சுமையில் ஊசி இறங்கும் ஆழத்தைக் கருவியே பதிவு செய்யும் முறை) எதற்கு என்ற அடுத்த கேள்விக்கும் பதில் இதிலேயே வந்துவிடுகிறது.

நைட்ரைடு ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்டால், உப்பு போன்ற கனசதுர அமைப்பு, உலோகப் பிணைப்போடு கலந்த சகப்பிணைப்பு, அதனால் டிஸ்லொகேஷன் (படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறை) நகரத் திணறுகிறது என்று தொடங்குங்கள். அதோடு நிறுத்த வேண்டாம். பிவிடி (உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும்) முறையில் வரும் படலத்தில் மிக நுண்ணிய படிக மணிகளும், அயனிகள் மோதி உண்டாக்கிய அமுக்கத் தகைவும் சேர்ந்து கடினத்தைக் கூட்டுகின்றன. அதே தகைவுதான் தடிமன் கூடக்கூட ஓரங்களில் கோட்டிங்கை உரித்தெடுக்கும். குரோமியம் நைட்ரைடில் தகைவு குறைவு என்பதால் தடிமனாகப் போடலாம்; மோல்டு, ஃபார்மிங் டூல்களுக்கு அதைத் தேடுவது அதனால்தான்.

பிவிடியா சிவிடியா என்ற கேள்வியில் வெப்பநிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிவிடி (வாயுக்களின் வேதிவினையால் படியவைக்கும் முறை) 1000 டிகிரியை ஒட்டி நடக்கிறது. எச்.எஸ்.எஸ்.-ஐ டெம்பர் செய்வதே 550 டிகிரி பக்கம், ஆகவே அந்தச் சூட்டில் டூலின் கடினம் போய்விடும். பிவிடி 500-க்குள் முடிந்துவிடும். டங்ஸ்டன் கார்பைடு டூல் சூட்டைத் தாங்கும். ஆனால் டைட்டானியம் நைட்ரைடு கார்பைடைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். ஆறும்போது கோட்டிங் இழுவிசைக்கு உள்ளாகி நுண்விரிசல் விடுகிறது. விட்டு விட்டு வெட்டும் மில்லிங்கில் பிவிடி கோட்டிங்கை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த பகுதி டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. டைட்டானியம் நைட்ரைடு 550 டிகிரி வாக்கிலேயே ஆக்சைடாக மாறத் தொடங்கும்; உண்டாகும் ரூடைல் (டைட்டானியம் ஆக்சைடு) காப்புப் படலமாக நிற்பதில்லை. அலுமினியம் சேர்ந்தால் மேலே அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) படர்ந்து 800 வரை காக்கும். அப்போ அலுமினியத்தை இன்னும் ஏற்றலாமே? உலோக அணுக்களில் அது மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் போனால் கனசதுர அமைப்பு உடைந்து அறுகோண அமைப்பு வருகிறது, கடினம் இறங்குகிறது. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை, வெட்டும் சூட்டிலேயே படலம் நானோ அளவில் அலுமினியம் மிகுந்த பகுதி, டைட்டானியம் மிகுந்த பகுதி என்று பிரிந்து மேலும் கடினமாகும். இதுதான் ஸ்பைனோடல் பிரிகை. படம் போட்டு விளக்கினால் கேட்பவர் முகமே மாறும்.

தேய்மானத்துக்குக் கடினத்தோடு எலாஸ்டிக் மாடுலஸையும் (விறைப்பின் அளவு) சேர்த்துப் பாருங்கள்; கடினத்தை மாடுலஸால் வகுத்த விகிதம் கூடினால் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும். ஒட்டுதலுக்கு ராக்வெல் சி தடச் சோதனை: 150 கிலோ சுமையில் குழி விழுந்த பிறகு சுற்றிலும் விரிசலா உரிவா என்று பார்த்து எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை தரம் பிரிப்பார்கள், 4 வரை தேறும்.

அப்புறம், "அலுமினியம் வெட்ட எந்தக் கோட்டிங்?" என்று கேட்பார்கள். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு என்று அவசரப்பட வேண்டாம், அலுமினியம் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். வைரம் போன்ற கார்பன் பூச்சைச் சொல்லலாம். கோட்டிங்கே இல்லாமல் பாலிஷ் செய்த கார்பைடும் சரியான பதில்தான், தயங்காமல் சொல்லுங்கள்.