ஐந்தாவது வட்டம்: குரூப் 4 எழுதப்போகும் முன்னாள் படைவீரர்களுக்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு முடிவு வந்து பத்து நாள் ஆகிறது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் சான்றிதழ் சரிபார்ப்புக்கான பட்டியலில் என் பதிவெண் இருக்கிறது. இளநிலை உதவியாளரா, கிராம நிர்வாக அலுவலரா என்பது கலந்தாய்வில் தெரியும். எது கிடைத்தாலும் சரி. போனில் பேசும் பழைய யூனிட் ஆட்கள் எல்லோரும் "எந்தப் புத்தகம் படித்தாய், எந்த அகாடமி?" என்றே கேட்கிறார்கள். நான் சென்ற முறை தோற்றதற்குப் புத்தகமும் காரணமில்லை, அகாடமியும் காரணமில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2006இல் ராணுவத்தில் சேர்ந்தேன். ஜபல்பூரில் சிக்னல்ஸ் எனும் தகவல் தொடர்புப் பிரிவில் பயிற்சி, பிறகு பதிண்டா, லடாக்கில் உள்ள லே, தேஜ்பூர். 2023இல் நாயக் பதவியோடு வெளியே வந்தேன். பென்ஷன் வருகிறது. ஆனால் வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது போதாது. ஊரில் எல்லோரும் "மிலிட்டரிக்காரருக்கு வேலைக்கா பஞ்சம்?" என்றார்கள். நானும் நம்பினேன்.

முதலில் போனது செல்போன் கோபுரப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு. பதினேழு ஆண்டு ரேடியோ செட்டும் கேபிளுமாக வாழ்ந்தவன், இது நம் வேலை என்று மார்தட்டிக்கொண்டு போனேன். நேர்காணல் செய்த பையன் டிப்ளமோ கேட்டான். பதினைந்து ஆண்டு சேவை முடித்ததற்காக ராணுவம் தந்த பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழை நீட்டினேன். "இது எந்தப் பல்கலைக்கழகம் சார்?" என்றான். "இந்திய ராணுவம்" என்றேன். சிரித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழ் மத்திய அரசில் எழுத்தர் போன்ற குரூப் சி பணிகளுக்காக ஏற்பட்டது. தனியார் அலுவலக மேசையில் அது வெறும் காகிதம். அடுத்து, வங்கிப் பணம் ஏற்றும் வேனில் காவலர் வேலை. "சொந்தத் துப்பாக்கி லைசென்ஸ் உண்டா?" என்று கேட்டார்கள். பதினேழு ஆண்டு அரசாங்கத் துப்பாக்கியைத் தூக்கியவனிடம் சொந்தத் துப்பாக்கி எங்கிருந்து வரும்? மூன்றாவதாகக் கிடைத்தது அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் பன்னிரண்டு மணி நேரக் காவல். சேர்ந்தேன். இதை எழுதும் இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

2024 ஜூன் 9 அன்று குரூப் 4 தேர்வை முதல் தடவை எழுதினேன். பொது அறிவும் கணக்கும்தான் பயம் என்று அவற்றையே உருட்டி உருட்டிப் படித்தேன். தமிழைத் தொடவே இல்லை. தாய்மொழிக்குப் போய் யாராவது படிப்பார்களா என்ற திமிர். விடைக்குறிப்பு வந்த அன்று உட்கார்ந்து எண்ணினேன். பொது அறிவிலும் திறனறிவிலும் சேர்த்து 71 சரி. தமிழில் 37. தமிழில் நாற்பது சரியாக வந்தால்தான் பொது அறிவும் திறனறிவும் உள்ள மறுபாதியைத் திருத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றே மூன்று கேள்வியில் அந்த 71 குப்பைக்குப் போனது.

இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். என் வயிற்றெரிச்சல் வேறு. தமிழ்ப் பகுதியில் பதினான்கு கேள்விகளுக்கு நான் ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தேன். விடைத்தாளில் நான்கு விடைகளுக்கு அடுத்து இருக்கும் 'விடை தெரியவில்லை' என்கிற வட்டம் அது. சிக்னல்ஸில் முதல் நாளிலிருந்து மண்டையில் ஏற்றுவது இதுதான்: காதில் சரியாக விழாத சொல்லை ஊகித்து எழுதாதே, 'சே அகெய்ன்' (மறுபடி சொல்) என்று கேள். ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் எங்கோ ஒரு ராணுவ வண்டி வரிசை தவறான பாதையில் போகும். அந்தப் பழக்கம் தேர்வறைக்கும் என்னோடு வந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று பதினான்கு முறை நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாத தேர்வு இது! பதினான்கிலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தாலே மூன்று விழுந்திருக்கும். அந்த நேர்மைக்கு விலை இன்னும் ஓர் ஆண்டு வாசல் காவல்.

ஆகவே, வேறு எதை மறந்தாலும் சரி, ஐந்தாவது வட்டத்தைத் தொடாதீர்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு இது கை வராது, அதனால்தான் பயிற்சி செய்யச் சொல்கிறேன். மாதிரித் தேர்வில் தெரியாத கேள்வி வந்தால் பத்து நொடிக்குள் ஏதாவது ஒன்றைக் கருப்பாக்கிவிட்டு நகரும் பழக்கத்தை மூன்று மாதம் பழகினேன். முதல் வாரம் கை நடுங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இனி தமிழ். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம்தான் தொடங்கினேன். ஒரு நாள் "ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள் அப்பா" என்றாள். லே பற்றி எழுதினேன். அவள் பென்சிலால் ஒரு சொல்லைச் சுழித்தாள். "லேயில் பணி அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை அதிகமா, குளிர் அதிகமா?" இரண்டும்தான். ஆனால் நான் எழுத நினைத்தது பனி. பதினேழு ஆண்டு லாக் புக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்து, வாயில் இந்தி, வீட்டுக்குப் போனில் மட்டும் தமிழ். கை தமிழை மறந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒலி வேறுபாடு, சந்திப்பிழை, ஒருமை பன்மைப் பிழை எல்லாம் காதால் தமிழ் பேசுகிறவனைக் கவிழ்ப்பதற்கென்றே உள்ள கேள்விகள்.

நான் செய்தவை:

காலை 4.30 முதல் 6.30 வரை தமிழ் மட்டும். நமக்கு அந்த நேரத்தில் விழிப்பு தானாக வரும், அதை வீணாக்க வேண்டாம். இரவில் படிப்பவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பாடநூல். கைடு வேண்டாம்.

தினமும் ஒரு பக்கம் பார்த்து எழுதினேன். படித்தால் போதாது, எழுத வேண்டும். ன, ண, ந, ர, ற, ல, ள, ழ வரும் சொற்களை மட்டும் தனி நோட்டில்.

அகாடமிக்கு ஒரு மாதம் போனேன், நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் 'அங்கிள்' என்று இடம் விட்டு எழுந்தது பிடிக்கவில்லை. உங்களுக்குக் கூச்சம் இல்லையென்றால் போங்கள்.

2025 ஜூலை 12 தேர்வில் தமிழ் கடினம் என்று வெளியே வந்தவர்கள் எல்லோரும் புலம்பினார்கள். கடினம்தான். பாதிக்கு மேல் எனக்கும் உறுதியில்லை. ஆனால் ஒரு கேள்விக்கும் ஐந்தாவது வட்டம் இல்லை. தமிழில் 63 சரி.

காகித விஷயம். இதில் சறுக்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ராணுவம் விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் இனிஷியலை அங்கே அப்பா பெயராக விரித்து எழுதிவிடுவார்கள். யூனிட்டில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர் (பணிப் பதிவில் மாற்றம் செய்யும் ஆணை) போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் ராணுவ ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியே காலம் போகும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வந்த மாதமே பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். தேர்வுக் கட்டணச் சலுகை நமக்கு இரண்டு முறைதான். படிக்காத தேர்வுக்கு விண்ணப்பித்துத் தீர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். மாநில அரசில் ஒரு பணிக்குத் தேர்வாகிவிட்டால் அடுத்த தேர்வுக்கு நீங்கள் முன்னாள் படைவீரர் கணக்கில் வரமாட்டீர்கள். மத்திய அரசில் சேர்ந்தால், ஏற்கனவே விண்ணப்பித்த தேர்வுகளின் பட்டியலைத் தேதியோடு சேர்ந்த உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் அந்தத் தேர்வுகளுக்கு மட்டும் சலுகை பிழைக்கும். தனியார் காவல் வேலையால் எதுவும் போகாது, தாராளமாகச் செய்யுங்கள்.

நம் மாநிலத்தில் குரூப் சி பணிகளில் நமக்கு 5 சதவீதம், மத்திய அரசின் குரூப் சியில் 10, பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியில் 14.5. இந்த இடங்கள் நிரம்பாமல் போகும் கதை ஆண்டுதோறும் நடக்கிறது. வங்கித் தேர்வுக்கு அந்த ராணுவச் சான்றிதழ் செல்லும், பத்தாம் வகுப்பும் பதினைந்து ஆண்டு சேவையும் இருந்தால் போதும். ஆனால் அங்கே தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். நம் 'சே அகெய்ன்' பழக்கம் அங்கேதான் உதவும். இரண்டுக்கும் சேர்த்துப் படிப்பவர்கள் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. நான்காண்டில் திரும்பும் அக்னிவீர் தம்பிகளுக்கு இந்த ஒதுக்கீடு எதுவும் இப்படியே பொருந்தாது. அவர்களுக்கு நான் எழுதினால் தவறாக வழிகாட்டியதாகிவிடும்.

இன்று இரவு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் வருகைப் பதிவேட்டை இப்போது தமிழில் எழுதுகிறேன். நேற்று ஒருவர் பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, "சின்ன ரகரமா, பெரிய றகரமா?" என்றேன். அவருக்கும் தெரியவில்லை.