மூன்றாவது போல்ட்: பழைய ரம்பத்தின் சைலன்சரைச் சரிசெய்த அனுபவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. மரம் அறுக்க ஆள் கிடைக்காத அந்த நாட்களில் அப்பா அலைந்து திரிந்து வாங்கிவந்தது இந்தப் பெட்ரோல் ரம்பம். 58 சிசி, டூ ஸ்ட்ரோக். எங்கள் தோப்பை முடித்த பிறகு அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கும் போய்வந்தது. பழைய இரும்புக்குப் போட வீட்டில் யாருக்கும் மனம் வராது.

போன மாசியில் அதன் சைலன்சர் ஆடத் தொடங்கியது. வேகம் குறைந்து நிற்கும் நேரத்தில் தகரத்தைத் தட்டுவது போன்ற ஓசை. முழு வேகத்தில் காதைப் பிளக்கும் சத்தம். சிலிண்டரும் சைலன்சரும் சேரும் இடத்தைச் சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்திருந்தது. புகை அந்த இடைவெளி வழியாக வெளியேறுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. முன்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியின் ஓரம் சூட்டில் இளகி வளைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் பெட்ரோல் தொட்டி இருக்கிறது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். எல் கீயை எடுத்து இரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். ஒரு தொட்டிப் பெட்ரோல் தீர்வதற்குள் மறுபடி ஆடியது. அடுத்த முறை ஸ்பிரிங் வாஷர் போட்டேன். அதுவும் நிற்கவில்லை. சைலன்சர் சூட்டில் சாதாரண ஸ்பிரிங் வாஷரின் விறைப்பு போய்விடுகிறது. கழற்றிப் பார்த்தபோது நீலம் பாரித்துத் தட்டையாகக் கிடந்தது. மூன்றாவது முறை, போல்ட் கழலாமல் இருக்க மரையில் தடவும் நீல நிறப் பசை. அந்தப் பசை பொதுவாக 150 டிகிரி செல்சியஸ் அளவு வரைதான் தாங்கும். அதைவிட மிக அதிகமாகச் சூடாகும் இடத்தில் அதைத் தடவியது வீண். அந்த முறை இறுக்கும்போது வலப்பக்கத்து போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை போய்விட்டது.

அன்று இரவு முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். பிளக் வயரை முதலில் பிடுங்கி ஒதுக்கிவைத்தேன். சங்கிலியும் அது ஓடும் நீளத் தகடான பாரும் கழற்றினேன். சைலன்சர் கையோடு வந்துவிட்டது. எஞ்சின் 10,000 சுற்றில் ஓடும்போது டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு வீதம் நொடிக்கு 160 தடவைக்கு மேல் அந்தத் தகரப் பெட்டி உதை வாங்குகிறது. சிலிண்டர் அலுமினியம், போல்ட் எஃகு. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதற்கு இதுவே போதும். ஆனாலும் ஏழு ஆண்டுகள் நின்ற போல்ட் இப்போது ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

சைலன்சரைத் துடைத்துத் திருப்பியபோது காரணம் தெரிந்தது. அடியில் ஒரு சிறிய தகடு, அதில் ஒரு துளை. துளையின் விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதற்கு நேர் கீழே எஞ்சின் உடம்பிலும் மரை வெட்டிய ஒரு துளை, மண்ணும் எண்ணெயும் அடைத்துக் கிடந்தது. அங்கே ஒரு மூன்றாவது போல்ட் இருந்திருக்கிறது. எப்போதோ கார்புரேட்டர் வேலைக்காகப் பிரித்தபோது அதைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். சைலன்சரின் அடிப்பக்கம் பிடிப்பில்லாமல் தொங்க, மேலே இருந்த இரண்டு போல்ட்டுமே அத்தனை அதிர்வையும் தாங்கி வந்திருக்கின்றன. நான் மூன்று முறை இறுக்கியது எல்லாம் தவறான இடத்தில் செய்த வேலை.

போன மரைக்கு வெல்டிங் வைத்து நிரப்பிப் புதிதாக மரை வெட்டலாம் என்று நினைத்து எஞ்சினோடு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வெல்டிங் வைத்தால் உள்ளே பிஸ்டன் ஓடும் போர் கோணிவிடும், தம்பி. கம்பிச் சுருள் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மரை பழைய மரையைவிட நன்றாக நிற்கும்" என்றார். தேய்ந்த துளைக்குள் புது மரையாக உட்காரும் அந்தச் சுருளுக்கான 5 எம்எம் ஹெலிகாயில் பெட்டியை அவரே எடுத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை; வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

சுருள் போடுவதற்கு முன்பு ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது, அதை விடவில்லை. சைலன்சர் இல்லாதபோது புகைத் துளை வழியாக பிஸ்டனின் பக்கவாட்டை நேரடியாகப் பார்க்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் இந்த வேலையே வீண். எஞ்சின் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். இதில் மெல்லிய கோடுகள் மட்டுமே தெரிந்தன. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் 25:1 கலவையை, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் என்று அப்பா ஒரு நாளும் தவறாமல் ஊற்றிவந்ததன் பலன் அது. துளையின் ஓரத்துக் கரியை மூங்கில் குச்சியால் சுரண்டினேன். இரும்பு படக்கூடாது.

பிறகு பிஸ்டனை மேலேற்றிப் புகைத் துளையை அதன் உடம்பாலேயே அடைத்தேன். உள்ளே அலுமினியத் தூள் விழுந்தால் பிஸ்டனைக் கீறிவிடும். மேலே கிரீஸ் தடவிய துணியும் வைத்தேன். 5.2 எம்எம் பிட்டால் பழைய துளையைப் பெரிதாக்க வேண்டும். பிட் கோணாமல் நிற்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கையில் பிடித்துத் துளைக்கத் துணியவில்லை. பட்டறையின் நிற்கும் டிரில்லில் செய்தேன். சுருளுக்கென்றே வரும், மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாக மரை வெட்டினேன். தூள் எல்லாம் கிரீஸிலேயே ஒட்டி வந்தது. சுருளை மேல்பரப்புக்கு அரை மரை கீழே வரை இறக்கி, அதைத் திருகி இறக்கப் பிடிக்கும் வால் துண்டை உடைத்து, கிரீஸ் தொட்ட குச்சியால் வெளியே எடுத்தேன். அந்தத் துண்டு கைக்கு வரும்வரை மூச்சே விடவில்லை. இடப்பக்கத்து மரை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்கும் சுருள் போட்டுவிட்டேன்.

சைலன்சரின் முகம் நடுவில் குழிந்து இரண்டு ஓரமும் எழும்பியிருந்தது. கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்தேன். முகம் முழுவதும் ஒரே நிறமாக வர முக்கால் மணி நேரம் ஆனது. புகை கசியாமல் நடுவில் வைக்கும் பழைய பேக்கிங் நொறுங்கிப்போயிருந்தது. கிராஃபைட் தாளை சிலிண்டர் முகத்தில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டித் தட்டியே வெட்டிக்கொண்டேன். பழைய மெக்கானிக்குகள் வெட்டும் முறை இது. கத்தரிக்கோலால் இவ்வளவு கச்சிதமாக வராது. வெளிவாயில் இருந்த தீப்பொறி தடுக்கும் வலையில் கரி முக்கால்வாசியை அடைத்திருந்தது. அதை அடுப்பில் காய்ச்சி, கம்பித் தூரிகையால் சுத்தம் செய்தேன்.

இனி கழலாமல் பூட்ட வேண்டும். உருண்டைத் தலை போல்ட்டை விட்டுவிட்டு அறுகோணத் தலை போல்ட் வாங்கினேன். பழைய எவர்சில்வர் தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரண்டு போல்ட்டுக்கும் சேர்த்து ஒரே வாஷராக இரண்டு துளை போட்டேன். மூலைகளை மடக்கிப் போல்ட்டின் தட்டையான பக்கத்தோடு ஒட்டிவிட்டால் ஒன்று சுற்ற இன்னொன்று விடாது. சூட்டால் இதற்குக் கெடுதல் இல்லை. கடைசியாக அடியில் அந்த மூன்றாவது போல்ட். அதைப் போட்டு இறுக்கிவிட்டு சைலன்சரை இரு கையாலும் பிடித்து ஆட்டினேன். ரம்பமே சேர்ந்து அசைந்தது.

உடனே மூலைகளை மடக்கவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு, முழுவதும் ஆறவைத்து, மறுபடி இறுக்கியபோது வலப்பக்க போல்ட் கால் சுற்று ஏறியது. புதுப் பேக்கிங் அமுங்கியதால் வந்த இடைவெளி அது. இரண்டாவது முறை சூடேற்றி ஆறவைத்ததும் எதுவும் அசையவில்லை. அப்போதுதான் மூலைகளை மடக்கினேன்.

புகை ஒழுங்கான வழியில் போகத் தொடங்கியதும் எஞ்சினின் குரலே மாறிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா சத்தத்தைக் கேட்டுவிட்டு, "வாங்கிய அன்று இப்படித்தான் ஓடியது" என்றார். சும்மா நிற்கும்போது சங்கிலி லேசாக ஓடியதால், அது நிற்கும் வரை ஐடில் திருகை இடப்பக்கம் கொஞ்சம் தளர்த்தினேன். வலையில் இருந்த அடைப்பும் நீங்கியதால் அறுக்கும்போது முன்பு போல மூச்சுத் திணறவில்லை.

இதுவரை நான்கு தொட்டிப் பெட்ரோல் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆறிய பிறகு மடக்கிய மூலைகளைப் பார்க்கிறேன்; போல்ட்டோடு ஒட்டி அப்படியே இருக்கின்றன. பேக்கிங் ஓரத்தில் கரி இல்லை. இளகி வளைந்த பிளாஸ்டிக் மூடி மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரில் சொல்லிவைத்திருக்கிறேன்.