மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக நான் சேர்ந்த பணியின் தலைப்பு ‘காலநிலை வழக்குகளும் மக்களாட்சியும்’ என்பதாகும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். முதல் எட்டு மாதங்கள் காலநிலை மாற்றம் தொடர்பான வழக்குகளில் பல நாடுகளின் நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளைப் படித்துக் குறியிடுவதிலும், மீதிக் காலம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் களப்பணியிலும் கழியும் என்று ஏற்பாடு. தருமபுரியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, காலையில் தீர்ப்புகளையும் மாலையில் களத்துக்கான வாசிப்பையும் வைத்துக்கொண்டேன்.

குறியிடுவது என்றால், வழக்குத் தொடுத்தவர் யார், எதிர்மனுதாரர் யார், எந்த உரிமை கோரப்பட்டது, நீதிமன்றம் என்ன கட்டளையிட்டது, அதை நிறைவேற்ற வேண்டியவர் யார் என்று ஒரு தீர்ப்பைப் பத்தி பத்தியாகப் பிரித்து அட்டவணையில் பதிவது. கேட்பதற்கு எழுத்தர் வேலை போலத் தோன்றினாலும், ஆய்வின் உயிர் அதில்தான் இருக்கிறது. 2017இல் உலகெங்கும் 884ஆக இருந்த காலநிலை வழக்குகள் 2022இன் முடிவில் 65 ஆட்சி எல்லைகளில் 2,180ஆகப் பெருகியிருந்ததாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வளர்ந்த நாடுகளைச் சேர்ந்தவை. என் அட்டவணையும் அப்படித்தான் நிறைந்தது.

எங்கள் துறையில் ஓயாமல் நடக்கும் வாதம் ஒன்று உண்டு. மக்கள் வாக்களித்து அமர்த்திய அரசு எவ்வளவு கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்பதை, யாருடைய வாக்கும் பெறாத நீதிபதிகள் தீர்மானிக்கலாமா என்பதே அது. நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 886 குடிமக்களுடன் சேர்ந்து தொடுத்த வழக்கில், 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 25 விழுக்காடு குறைத்தாக வேண்டும் என்று ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2015இல் ஆணையிட, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பர் 20 அன்று அதை உறுதி செய்தது. காலநிலை மாற்றத்துக்கு எதிராக அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இரண்டே மாதங்களில் சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், நீதிமன்றம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தன. அதே நாட்டு மக்கள் 2021 பொதுவாக்கெடுப்பில் ஒரு காலநிலைச் சட்டத்தை நிராகரித்து, 2023இல் இன்னொன்றை ஏற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வாதத்தின் இரு பக்கமும் எவ்வளவு கனமானவை என்பது விளங்கும்.

ஆனால், அட்டவணையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றது லாகூர் உயர் நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குத்தான். அஸ்கர் லெகாரி என்ற விவசாயி, பாகிஸ்தான் அரசு 2012இல் தானே வகுத்த காலநிலைக் கொள்கையை ஏன் நிறைவேற்றவில்லை என்று கேட்டார். நீதிபதி மன்சூர் அலி ஷா புதிதாக எந்த இலக்கையும் விதிக்கவில்லை. ஒவ்வொரு துறையும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும், செய்ததைச் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டு, மேற்பார்வைக்கு ஓர் ஆணையத்தையும் அமைத்தார். ‘நிறைவேற்ற வேண்டியவர் யார்’ என்ற என் கட்டத்தில் துறை துறையாக எழுத முடிந்த மிகச் சில தீர்ப்புகளில் அது ஒன்று. அதன் முழு மதிப்பு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

களப்பணியின் முதல் மாதம் வீணாயிற்று. நான் தயாரித்த வினாத்தாளில் ‘நீதிமன்றத்தின் மீது உங்களுக்கு உள்ள நம்பிக்கையை 1 முதல் 5 வரை மதிப்பிடுக’ என்று ஒரு கேள்வி இருந்தது. அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, “வாச்சாத்தி கேசு முடிய எத்தன வருசம் ஆச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மா?” என்றார். எனக்குத் தெரியும், ஆனால், அந்தக் கேள்வியை இந்த மண்ணில் வைத்து யோசித்திருக்கவில்லை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர்; மீதி 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023ஆம் ஆண்டின் அதே செப்டம்பர் 29 அன்று. இந்த மாவட்டத்து மக்களுக்கு நீதிமன்றம் என்றால், நியாயம் கிடைக்கும் இடம். ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டிய இடமும் அதுதான். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கச் சொன்னது என் தவறு. வினாத்தாளை எடுத்து வைத்துவிட்டு, கிராம சபைகளிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களிலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன்.

ஊத்தங்கரை வட்டத்தில் ஒரு மானாவாரி விவசாயியின் வீட்டுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அறுபதைக் கடந்த அம்மா அவர். கேழ்வரகும் அவரையும் நிலக்கடலையும் போடுகிறார். வரப்போரம் பத்துப் பன்னிரண்டு பெங்களூரா மாமரங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையாகக் கொட்டி, சாலையோரம் நின்ற வாகனங்களையே அடித்துக்கொண்டு போனபோது, அவருடைய அறுவடைக் கதிர் களத்தில் கிடந்தது. அதற்கு முந்தைய கோடையில் மாம்பிஞ்சு வெயிலில் உதிர்ந்திருந்தது. ஒரே நிலத்தில், ஓராண்டுக்குள், இரு வேறு இழப்புகள்.

அவர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதில் பட்டா நகல், வங்கிப் புத்தகம், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உறையில் மனு ரசீதுகள். வறட்சிக்குக் கொடுத்தது, மழைக்குக் கொடுத்தது, ஏரிக்கால்வாய் தூர்வாரக் கேட்டது, பயிர்க் காப்பீடு வராததற்குக் கொடுத்தது என்று தேதிவாரியாக 14 சீட்டுகள். பழையவற்றில் மை மங்கிவிட்டது. மனு எண்ணை மட்டும் பேனாவால் மேலெழுதி வைத்திருந்தார். “மனுவ வாங்கிக்கறாங்க கண்ணு, மரியாதையாத்தான் வாங்கறாங்க. பதில்தான் வர்றதில்ல,” என்றார்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு என் ஆய்வின் கேள்வியே மாறிப்போனது. நீதிபதியா, சட்டமன்றமா என்ற வாதம் மேலே நடக்கிறது. கீழே இருப்பவருக்கு மக்களாட்சி என்பது, தான் சொன்னதற்கு ஒருவர் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம். கிராம சபைத் தீர்மானத்துக்கு அந்தக் கட்டாயம் நடைமுறையில் இல்லை. குறைதீர் மனுவுக்கும் பெரும்பாலும் ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. வழக்கில் மட்டும், எதிர்மனுதாரர் குறித்த நாளுக்குள் பதில் மனு தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஏன் என்று கேட்க ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். லெகாரி வழக்கு எனக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டது என்பது அன்றுதான் புரிந்தது. மக்களாட்சியை மீறும் கருவியாக அல்ல, அது விட்டுவிட்ட பதிலைக் கேட்டு வாங்கும் கருவியாகத்தான் நான் இன்று காலநிலை வழக்கைப் பார்க்கிறேன்.

அப்படியானால் அந்த அம்மா ஏன் வழக்குப் போடவில்லை? இதற்கு விடை தேடியதில்தான் ஆய்வின் பாதி நாட்கள் போயின. இழப்பை நிரூபிக்க அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். அவரவர் நிலத்தில் எது போட்டது, எது போனது என்பதற்கு அரசாங்கக் காகிதம் அதுதான். குத்தகைக்கு உழுபவருடைய பெயருக்கும், கணவர் பெயரிலேயே பட்டா நிற்கும் பெண்ணின் பெயருக்கும் அந்தக் காகிதத்தில் பல நேரங்களில் இடமில்லை. மழைமானி எல்லா ஊரிலும் இல்லை. பக்கத்து ஊரில் பெய்து இந்த ஊரில் பெய்யாத மழை அதில் தெரியாது. இழந்தவர் யார் என்று காகிதம் சொல்லாதபோது, வழக்குத் தொடுக்கும் தகுதி யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. மேலும், உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தன் களத்தில் நனைந்த கதிரைப் பற்றித் தன் பெயரில் தாக்கலாகும் மனுவை அவரால் படித்துப் பார்க்க முடியாது. இது சின்ன இடைஞ்சல் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

நீதிமன்றங்களால் இந்தப் பகுதிக்கு எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது தவறாகும். கிருஷ்ணகிரிக்கு அடுத்த பாலாற்றுப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. இன்று நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் கொள்கைகள் நம் பக்கத்து ஆற்றிலிருந்து போனவை. இதைக் கூட்டங்களில் சொல்லும்போது முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

2024 மார்ச்சில் ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்தப் பத்திகளை நான் தமிழில் பெயர்த்து, ஊத்தங்கரை அம்மாவிடமும் அவருடைய அண்டை வீட்டாரிடமும் வாசித்துக் காட்டினேன். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். வெயிலாலும் வறட்சியாலும் ஏழைகளே கூடுதலாகத் துன்பப்படுகிறார்கள் என்ற கருத்து வந்த இடத்தில் ஒருவர், “அட, எழுதியே இருக்காங்களே,” என்றார். அம்மா மட்டும் சிறிது நேரம் கழித்து, “இதுல பதில் சொல்ல வேண்டியது யாருன்னு போட்டிருக்கா கண்ணு?” என்று கேட்டார்.

அந்த வழக்கு, ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மின்கம்பிகளில் மோதி இறக்கும் கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கத் தொடரப்பட்டது. உயரழுத்தக் கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு ஆணையைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்ததே அதன் கட்டளை. உரிமை பிறந்த அந்த வழக்கில் பயிரை இழந்த எவரும் மனுதாரராக இல்லை. ஆகவே அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரும் அதில் இல்லை. என் அட்டவணையில் அந்தத் தீர்ப்புக்கு நேரே ‘நிறைவேற்ற வேண்டியவர்’ என்ற கட்டத்தில் ‘நிபுணர் குழு’ என்று எட்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அன்றிரவு அதை இரண்டாகப் பிரித்தேன். பறவைக்கு நேரே குழு நிற்கிறது. காலநிலை உரிமைக்கு நேரே கட்டம் வெறுமையாக இருக்கிறது.

ஆய்வறிக்கையின் மூன்றாம் இயல் அந்த வெற்றுக் கட்டத்தைப் பற்றியது. கட்டுரையாக அனுப்பியபோது, மனு ரசீதுகள் வழக்கு ஆவணம் ஆகா என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினார். வழக்காக மாற முடியாமல் நின்றுபோனவற்றையும் எண்ணினால்தான் வழக்குகளின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு என்று பதில் எழுதியிருக்கிறேன். அந்த நிலைப்பாட்டிலிருந்து நான் இறங்கப் போவதில்லை.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து வாரங்கள். ரசீதுகளை ஸ்கேன் செய்ய இரண்டு நாட்களுக்கு வாங்கி வந்திருக்கிறேன். கொடுக்கும்போது அம்மா ஒவ்வொன்றாக என் கையில் எண்ணி வைத்தார். நாளை காலை முதல் பேருந்தில் ஊத்தங்கரைக்குப் போக வேண்டும். 14 சீட்டுகளும் தேதி வரிசையில், அதே உறையில்.